சுட்ட தோட்டா உறைகளைச் சுத்தம் செய்தல்: மினுமினுப்புக்கு முன் பார்க்க வேண்டியவை

சுட்டு முடித்த பித்தளை உறையைத் திரும்ப நிரப்புவதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எவ்வளவு சுத்தம், எதற்காக என்பதில்தான் குழப்பம். கண்ணாடி மாதிரி மின்னும் உறையைப் பார்த்து ஆசைப்பட்டு, கையில் கிடைத்த பாலிஷையும் ஆசிட்டையும் போட்டு நல்ல உறைகளைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். மங்கிப் பழுப்பேறிய உறையும் புதியது போலவேதான் சுடும். போக வேண்டியது மணலும் கரியும்தான். மினுமினுப்பு கூடவே வந்தால் வரட்டும்.

மணலை முதலில் சொல்லக் காரணம் உண்டு. தரையிலிருந்து பொறுக்கிய உறையில் ஒட்டியிருக்கும் ஒரே ஒரு துகள் போதும். சுட்டு விரிந்த உறையைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சான சைசிங் டைக்குள் அழுத்தும்போது அது டையின் சுவரைக் கீறும், அல்லது அங்கேயே பதிந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்த டைக்குள் போய்வரும் ஒவ்வோர் உறையிலும், ஒரே இடத்தில், நீளவாக்கில் ஒரு கோடு விழும். கார்பைடு டை ஓரளவு தாங்கும். சாதாரண எஃகு டை தாங்காது. இன்னொரு காரணம் நம் கண்: கரி படிந்த உறையில் மயிரிழை விரிசல் தெரியாது, கழுவிய உறையில் தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறையைத் திரும்ப நிரப்பும் ரீலோடிங்குக்கும், சில இடங்களில் வெற்று உறைகளை வைத்திருப்பதற்குமே, சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் ஊரில் எதற்கு உரிமம் வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகே இதெல்லாம்.

பிரிப்பது பாதி வேலை

உறைகளை அதிரவைத்தோ சுழற்றியோ சுத்தம் செய்யும் கருவியான டம்ப்ளரில் கொட்டுவதற்கு முன் ஒவ்வோர் உறையும் ஒருமுறை கையில் வந்து போக வேண்டும். சுடாத தோட்டாவோ, வெடிக்காத பிரைமர் (உறையின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உள்ள உறையோ கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அவை எந்த டம்ப்ளருக்குள்ளும், ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டிக்குள்ளும் போகவே கூடாது. எண்ணெயிலோ தண்ணீரிலோ ஊறப் போட்டால் பிரைமர் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். காய்ந்த பிறகு அது மறுபடி உயிர் பெறலாம்.

பிறகு காந்தம். பித்தளை நிறத்தில் பூச்சுப் பூசிய எஃகு உறைகள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை எடுத்துவிடுங்கள். அலுமினிய உறை எடையிலேயே தெரியும், அதையும் ஒதுக்குங்கள். நிக்கல் பூச்சுள்ள பித்தளையைத் தனிக் குவியலாக வையுங்கள். பூச்சு உரிந்திருந்தால் தூக்கிப் போடுவதே மேல், ஏனென்றால் அந்தச் செதில்கள் பித்தளையைவிடக் கடினமானவை, டையைக் கெடுக்கும். தோட்டா அளவு வாரியாகவும் பிரியுங்கள்: 9 மி.மீ. உறை .40-க்குள்ளும், .40 உறை .45-க்குள்ளும் செருகிக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் இரண்டுக்கும் நடுவே ஈரமும் அழுக்கும் சிக்கி, பிரிக்கவே முடியாமல் இறுகிவிடும்.

உறையின் வாய்க்குள் வெளிச்சம் அடித்து அடியைப் பாருங்கள். பிரைமரின் நெருப்பு உள்ளே போகும் தீத்துளை நடுவில் ஒன்று இருந்தால் பாக்ஸர் வகை. பக்கத்துக்கொன்றாக இரண்டு இருந்தால் பெர்டான் வகை. பெர்டானை பழைய பிரைமரைத் தள்ளி எடுக்கும் வழக்கமான டிகேப்பிங் ஊசியில் மாட்டினால் ஊசி வளையும் அல்லது உடையும்.

நீளமான ரைஃபிள் உறைகளுக்கு இன்னொரு சோதனை உண்டு. ஒரு காகித கிளிப்பை நிமிர்த்தி, நுனியை 2 மி.மீ. அளவுக்குச் செங்குத்தாக மடக்கி, அந்த நுனியை அரத்தில் தேய்த்துக் கூராக்கிக்கொள்ளுங்கள். உறைக்குள் விட்டு அடியைத் தொட்டு, உட்சுவரை ஒட்டி மெல்ல மேலே இழுங்கள். நல்ல உறையில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். அடியிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குள் எங்காவது நுனி ஒரு பள்ளத்தில் இறங்கித் தடுக்கினால், அங்கே சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். அடுத்த சூட்டில் உறையின் தலைப் பகுதி தனியாகக் கழன்று வரக்கூடும். வெளிப்பக்கம் அதே உயரத்தில் சுற்றிலும் வெளிறிய ஒரு வளையம் தெரிவதும் இதற்கே அடையாளம். கழுவிய பிறகு இந்தச் சோதனையை மறுபடி செய்தால் இன்னும் நிச்சயமாகத் தெரியும். சந்தேகம் வந்த உறையை இடுக்கியால் நசுக்கிவிட்டு எறியுங்கள். நசுக்காமல் போட்டால் அது எப்படியோ நல்ல குவியலுக்குத் திரும்பி வந்துவிடும்.

பிரைமரை எப்போது எடுப்பது

ஈரமுறையில் கழுவுவதானால் பிரைமரை முன்பே தட்டி எடுத்துவிடுங்கள். சைசிங் டையில் இதைச் செய்யாதீர்கள், ஏனென்றால் அழுக்கு உறையை டைக்குள் விடக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பாடும். உறையின் சுவரைத் தொடாமல் பிரைமரை மட்டும் தள்ளும் யுனிவர்சல் டிகேப்பிங் டை என்று தனியாக உண்டு. பிரைமரை உள்ளேயே விட்டுக் கழுவினால், அது உட்காரும் குழியின் கரி அப்படியே இருப்பதோடு, அதற்குள் புகுந்த தண்ணீர் நாள்கணக்கில் காயாது.

உலர்முறையானால் நேர்மாறாகச் செய்யலாம். பிரைமர் உள்ளே இருக்கும்போதே ஓட்டினால் தீத்துளைக்குள் துகள் அடைக்காது. குழி அழுக்காகவே நிற்கும், ஆனால் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குச் சில சுற்றுகள்வரை அது பெரிய விஷயமில்லை. கரி தடிமனாகப் படிந்து, புதுப் பிரைமர் உறையின் அடிமட்டத்தைவிட மேலே துருத்தி நின்றால்தான் ஆபத்து. தானியங்கித் துப்பாக்கியில், தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் போல்ட் மூடும்போதே வெடிக்க அது வழிசெய்யும். குழிக்கென்று இருக்கும் சின்னத் தூரிகையை இரண்டு திருப்புத் திருப்பினால் போதும்.

உலர் டம்ப்ளிங்

அதிரும் கிண்ணத்தில் இரண்டு வகைத் துகள்களைப் போடுவார்கள். அரைத்த வால்நட் ஓடு கடினமானது, நாட்பட்ட கறையையும் கரியையும் தேய்த்தெடுக்கும். அரைத்த மக்காச்சோளக் கட்டை (கார்ன் காப்) மென்மையானது, மினுக்கும். கார்ன் காப் 20/40 என்ற பொடி ரகத்தில் இருந்தால் தீத்துளையில் அடைக்காது. செல்லப்பிராணிகளின் கூண்டுக்கு விற்கும் பெரிய ரகம் அடைக்கும்.

உறை ஒரு பங்கு என்றால் துகள் இரண்டு பங்கு. கிண்ணத்தை மேலே திறந்து பார்த்தால் உறைகள் ஓரத்தில் மேலெழுந்து நடுவில் இறங்கிச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் சுற்றாமல் ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தால் அளவு அதிகம். சில பிடி எடுத்துவிடுங்கள். சாதாரண அழுக்குக்கு 2 முதல் 4 மணி நேரம் ஆகும்.

பாலிஷ் சேர்ப்பதானால் அம்மோனியா இல்லாத ரகமாகப் பார்த்து ஒரு மூடி, 5 முதல் 10 மி.லி. அளவு, விடுங்கள். உறை போடாமல் வெறும் துகளை 15 நிமிடம் ஓட்டி அது பரவிய பிறகே உறைகளைக் கொட்ட வேண்டும். இந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிப்பதால் வரும் கேடு சின்னதல்ல. ஈரமான துகள் உருண்டை கட்டி, ரைஃபிள் உறையின் தோளுக்கு (கழுத்துக்குக் கீழே குறுகும் இடம்) உள்ளே அப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உறையின் உள் கொள்ளளவு குறைந்தால், அதே அளவு வெடிமருந்துக்கு அழுத்தம் ஏறும். அதனால் துகளிலிருந்து பிரித்தெடுத்த பிறகு ஒவ்வோர் உறையையும் கவிழ்த்துத் தட்டி, வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள்.

சிவப்பு ரூஜ் என்ற மெருகுப் பொடி கலந்த வால்நட் துகள் நன்றாகவே மினுக்கும். ஆனால் அதன் சிவப்புப் பொடி கை, மேசை, உறையின் உட்புறம் என்று எல்லா இடத்திலும் ஒட்டும். எனக்கு அது வேண்டாத தொல்லை.

காகிதத் துண்டை நான்கைந்து கீற்றாகக் கிழித்து உள்ளே போட்டுவிட்டால் தூசியை அது இழுத்துக்கொள்ளும், துகளும் நீடித்து உழைக்கும். துகள் கருத்து, வழக்கமான நேரத்தைப் போல இரண்டு மடங்கு பிடிக்க ஆரம்பித்தால் மாற்றும் வேளை வந்துவிட்டது.

அந்தத் தூசியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வழக்கமான பிரைமர்களில் இருப்பது லெட் ஸ்டிஃப்னேட், அதாவது ஈயம். கூடவே பேரியம், ஆன்டிமனி சேர்மங்களும். சுட்ட பிறகு உறைக்குள் தங்கும் கரியில் அந்த ஈயம் இருக்கிறது. டம்ப்ளரின் மூடியைத் திறக்கும்போதும், சல்லடையில் பிரிக்கும்போதும் கிளம்புகிற சாம்பல் நிறப் புழுதி அதுதான். வீட்டுக்குள், அதிலும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் நடமாடும் இடத்தில் இந்த வேலை கூடாது. ஓட்டும்போது மூடி இறுக்கமாக இருக்கட்டும். பிரிப்பதை வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டியுள்ள முகமூடி, நைட்ரைல் கையுறையோடு செய்யுங்கள். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதுவரை எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள்.

பின்னும் தண்ணீரும்

உறைகளோடு தண்ணீரும், பின் எனப்படும் சின்ன எஃகுக் கம்பித் துண்டுகளும் போட்டுச் சுழற்றும் ஈரமுறையின் முதல் நன்மை தூசி இல்லாதது. இரண்டாவது, உறையின் உள்ளும் பிரைமர் குழியும் கூடப் புதிது போல ஆகிவிடும். 7 கிலோ தாங்கும் சுழல் உருளைக்கு அளவு இப்படி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் 2.3 கிலோ, உறை 900 கிராம், தண்ணீர் 3.5 லிட்டர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு மேசைக்கரண்டி, சிட்ரிக் ஆசிட் கால் டீஸ்பூன். 900 கிராம் என்பது எண்ணிக்கையில் ஏறக்குறைய 9 மி.மீ. உறை 230, .223 என்றால் 150, .308 என்றால் 80. எண்ணிப் போடுவதைவிட எடை போட்டுப் போடுவது சுலபம். 2 முதல் 3 மணி நேரம் ஓட்டினால் போதும்.

சோப்பு அழுக்கை நீரில் மிதக்க வைக்கிறது. ஆசிட் களிம்பையும் ஆக்ஸைடையும் கரைக்கிறது, கடின நீரின் சுண்ணாம்பையும் கட்டிப்போடுகிறது. ஆசிட் கால் டீஸ்பூன் என்றால் கால் டீஸ்பூன்தான். கூட்டினால் சீக்கிரம் மின்னும் என்று தோன்றும், நடப்பது வேறு. உறை பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். அமிலம் கூடும்போது மேற்பரப்பில் துத்தநாகம் முதலில் கரைந்து போய், செம்பு நின்றுவிடும். உறை ரோஜா நிறமாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது அதனால்தான். மேலோட்டமான பூச்சு போல இருந்து அடுத்த ஓட்டத்தில் தேய்ந்து போனால் கவலையில்லை. தேய்த்தும் போகாமல், தொட்டால் சொரசொரப்பாகப் புள்ளி விழுந்திருந்தால் அந்த உறை நிரப்ப லாயக்கில்லை.

ஓட்டம் முடிந்ததும் உடனே வடித்துவிட வேண்டும். கன்னங்கரேல் என்ற அந்தத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டால், கழன்ற அழுக்கு மறுபடி உறைமேல் படிந்து, காலையில் எடுக்கும்போது உறைகள் கறுத்துப்போயிருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசி, உறைகளைக் கொட்டிய சல்லடைக் கூண்டைப் பெரிய தொட்டி நீருக்குள் வைத்தே சுற்றிப் பின்களைப் பிரியுங்கள். தண்ணீருக்குள் பின் தானாக வழுக்கி விழும்.

விழாத பின்தான் இந்த முறையின் பெரிய தலைவலி. பின்னின் அளவு 1.2 மி.மீ. விட்டம், 6.5 மி.மீ. நீளம். வழக்கமான தீத்துளை 2 மி.மீ. ஒரு பின் வந்தால் நழுவி விழும், இரண்டு ஒன்றாக வந்தால் ஆப்பு அடித்தது போல இறுகும். .223 உறையின் கழுத்துக்குள் பின்னே குறுக்காகப் பாலம் கட்டிக்கொள்ளும், ஏனென்றால் கழுத்தின் உள்விட்டம் பின்னின் நீளத்தைவிடக் குறைவு. ஒரு பின் உள்ளே தங்கிய உறையில் மருந்து நிரப்பிச் சுட்டால் அது குழல் வழியாகத்தான் வெளியே போகும். குழலுக்குள் எஃகுக் கம்பி போவது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் உறையையும் கண்ணால் பார்ப்பதற்கு மாற்று எதுவும் கிடையாது. பின்னே வேண்டாம் என்று, ஸ்டெயின்லெஸ் சில்லுகளோடும், வெறும் சோப்பு, ஆசிட், தண்ணீரோடும் ஓட்டுபவர்களும் உண்டு. பின் இல்லாமல் ஓட்டினால் வெளிப்புறம் நன்றாகவே வரும், குழியில் கொஞ்சம் கரி நிற்கும். என்னைக் கேட்டால், போட்டிக்குச் சுடாதவருக்கு அதுவே போதும்.

அதிக நேரம் ஓட்டுவதில் வேறொரு கேடு இருக்கிறது. உருளைக்குள் உறைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, வாயின் விளிம்பு சுத்தியலால் அடித்த மாதிரி மழுங்கி உள்ளே சுருண்டுகொள்ளும். விரல் நுனியால் விளிம்பைத் தடவினால் சின்ன வரப்பு போலத் தட்டுப்படும். உறையும் நீரும் குறைவாகப் போட்டு 5, 6 மணி நேரம் ஓட்டுபவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வரும். நேரத்தைக் குறையுங்கள், உருளையை நன்றாக நிரப்புங்கள், நீளம் வெட்டுவதையும் விளிம்பு சரிசெய்வதையும் கழுவிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விளைவு பலருக்குப் புதிராக இருக்கும். பின்னில் ஓட்டிய உறையில் குண்டைப் பொருத்தும்போது பிடிப்பு அதிகமாகி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இறங்கும். கழுத்தின் உட்புறத்தில் மெல்லிய கரிப்படலம் மசகு போல வேலை செய்துகொண்டிருந்தது, அதை நாம் துடைத்து எடுத்துவிட்டோம். கழுத்துக்குள் கொஞ்சம் கிராஃபைட் தூள் தடவினால் சரியாகிவிடும். துல்லியத்துக்காகச் சுடுபவர்களில் சிலர் இதற்காகவே உலர்முறையை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

அல்ட்ராசோனிக், ஊறவைத்தல்

40 கிலோஹெர்ட்ஸ் தொட்டி, 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர், உறைக்கென்று உள்ள கரைசல். உறைகளைக் கூடையில் ஒரே அடுக்காகப் போட்டு 8 நிமிடம், புரட்டிப் போட்டு இன்னொரு 8 நிமிடம். தொட்டியின் தரையில் நேராக உறையைக் கொட்டாதீர்கள். தொட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, அலுமினியத் தாள் கீற்றை ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். பரவலாகச் சிறு குழிகளும் துளைகளும் விழ வேண்டும். இந்த முறையில் கரி போகும், மினுக்கம் வராது.

கருவி எதுவும் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் வெந்நீரில் 10 கிராம் சிட்ரிக் ஆசிட்டும் சில சொட்டுச் சோப்பும் கலந்து, 5 முதல் 10 நிமிடம் வைத்துக் கிளறி, நன்றாக அலசினால் போதும். வினிகரும் வேலை செய்யும். ஆனால் அதில் உப்புப் போடாதீர்கள், குளோரைடு பித்தளையை அரிக்கும். பிளீச்சிங் திரவம் அறவே வேண்டாம். இரும்பு நாரும் வேண்டாம்.

அம்மோனியா

பித்தளைக்கு அம்மோனியா கலந்த பாலிஷ் எத்தனையோ உண்டு. பாத்திரத்துக்கும் கைப்பிடிக்கும் அவை சரி, உறைக்குக் கூடாது. பிரிட்டிஷ் இந்தியாவில் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தபோது, யாரும் தொடாமலேயே உறைகள் விரிசல் விட்டன. காரணம் புரியாமல் இருந்த அந்தக் கோளாற்றை 1921-இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் விளக்கினார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், குளிர்நிலையில் இழுத்துச் செய்த பித்தளைக்குள் தங்கியிருக்கும் இறுக்கமும் சேர்ந்துதான் உலோகத்தைப் பிளந்தன. நாம் நிரப்பும் உறை ஒவ்வொரு சூட்டிலும் விரிந்து, ஒவ்வொரு சைசிங்கிலும் சுருங்கி, அந்த இறுக்கத்தை ஏற்றிக்கொண்டேதான் போகிறது. பாலிஷ் புட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி வந்தால் மூடி வைத்துவிடுங்கள்.

காயவைத்தல்

ஒரு துண்டின் நடுவில் உறைகளைக் கொட்டி, இரு முனையையும் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆட்டினால் உள்ளே தேங்கிய நீர் பெரும்பாலும் வந்துவிடும். பிறகு வெயிலில் ஒரு நாள், அல்லது பழம் உலர்த்தும் கருவியில் 60 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம். ஓவனில் வைத்தால் 90 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். ஏறத்தாழ 250 டிகிரியில் பித்தளை இளக ஆரம்பிக்கும். கழுத்து இளகினால் தாழ்வில்லை, அடி இளகினால் உறை அழுத்தத்தைத் தாங்காது. எந்தக் கருவியானாலும் ஒருமுறை உறை காய்ந்ததில் மறுபடி உணவு வைக்கக் கூடாது.

கடின நீரால் வரும் வெள்ளைப் புள்ளிகள் தீங்கில்லாதவை. பிடிக்காவிட்டால் கடைசி அலசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்யுங்கள்.

சைசிங் செய்தபின், அதற்காகத் தடவிய மசகை எடுக்க, கார்ன் காப்பில் அரைமணி நேரம் ஓட்டினால் போதும். மசகோடு சுடக் கூடாது. வெடிக்கும்போது உறை துப்பாக்கியின் அறைச்சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும், வழுக்கினால் அந்த விசை முழுக்கப் போல்ட்டின் மேல் விழும்.

கழுவிய கருந்தண்ணீரைத் தோட்டத்திலோ சமையலறைத் தொட்டியிலோ கொட்டாதீர்கள், அதில் ஈயம் இருக்கிறது. மூடியிட்ட வாளியில் சேர்த்து, நச்சுக் கழிவு பெறும் இடத்தில் கொடுங்கள். தேய்ந்துபோன துகளையும் பையில் கட்டி அப்படியே ஒப்படையுங்கள்.

காய்ந்த உறைகளை மூடியுள்ள டப்பாவில், தரை துடைக்கும் திரவங்களும் உரமும் இல்லாத அலமாரியில் வையுங்கள். டப்பாவின் மேல் கேலிபர் (தோட்டாவின் அளவு), கழுவிய தேதி, இதுவரை எத்தனை முறை சுட்டது ஆகிய மூன்றையும் எழுதி ஒட்டுங்கள்.